தாய்மாமன் பார்த்த பக்கம்

'தமிழில் வெப் பேஜ் செய்து தரப்படும்' என்று எங்கள் கடை போர்டில் எழுதச் சொன்னது நான்தான். பெயிண்டர் கன்னியப்பன் ஏணியில் நின்றபடி, "கீழ இடம் பாக்கி கீது, இன்னா எழுதட்டும் கலைமதி?" என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன். ஒரகடம் கூட்டு ரோட்டில் டயர் கடைக்கும் மெஸ்ஸுக்கும் நடுவே இருக்கிற பிரௌசிங் சென்டரில் வெப் பேஜ் கேட்டு யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

வந்தாள். நீல நிற கம்பெனி கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. பெயர் முத்துச்செல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், குன்றத்தூரில் தோழிகளோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். காருக்குள் ஓடுகிற ஒயர் கட்டுகளைச் செய்யும் கம்பெனியில் அவளுக்கு ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் வேலை. கட்டு அவள் கையைத் தாண்டினால்தான் பெட்டிக்குப் போகும். அந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட் என்பதால் காலையில் ஓய்வாக இருந்தாள்.

"அக்கா, தமிழ்ல பேஜ் போடுவோம்னு போர்டுல போட்டுருக்கீங்கள்ளா. எங்க கல்யாணப் பத்திரிகைய நெட்டுல போடணும்."

"அச்சடிச்சிக் குடுக்கறத வுட்டுட்டு நெட்டு இன்னாத்துக்கு?"

"எங்க மாமா மஸ்கட்ல இருக்காக. தாய்மாமன். மொத பத்திரிகை அவுகளுக்குத்தான் வைக்கணும். அதுக்கப்புறந்தான் அச்சுக்கே போவும்."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் சொன்ன கதை இதுதான். அப்பா சுடலைமுத்து அவளுடைய சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா சந்தனமாரியையும் இவளையும் பார்த்துக்கொண்டது அம்மாவின் அண்ணன் மாரிமுத்து. மஸ்கட்டில் வெல்டர். இவளைப் படிக்க வைத்தது, முதல் சம்பளம் வருகிறவரை தாங்கியது எல்லாம் அவர்தான். மறைமலை நகரில் வேலை பார்க்கிற நம்பிராஜனோடு இவளுக்குக் கல்யாணம் பேசியபோது, மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டார்கள் என்று நிச்சயத்தை மாமாவுக்குச் சொல்லாமலே முடித்துவிட்டார்கள். நிச்சயம் முடிந்த பிறகுதான் போன் போயிருக்கிறது. மாமா, "நல்லது" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டார். அதன்பிறகு அவராகப் போன் செய்யவே இல்லை.

"லீவும் கெடைக்கல, வர முடியாதுன்னுட்டாக. பத்திரிகையாவது அவுக கையில மொதல்ல போவணும்னு அம்மா ஒத்தக் கால்ல நிக்காக. கெஞ்சிக் கேட்டதுக்கு மாமா என்ன சொன்னாக தெரியுமா? 'பக்கத்து ரூம்காரன் மக பத்திரிகை நெட்டுல வந்துச்சு, எனக்கும் அப்படி வரட்டும். ஆனா தமிழ்ல வரட்டும். பாத்துட்டுச் சொல்லுதேன்'னாக."

அந்த 'பாத்துட்டு' என்ற வார்த்தைக்குத்தான் அவர்கள் வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள். மாமா முகம் சுளித்தால் அம்மா பந்தக்கால்கூட நட மாட்டாள். மாமா இல்லாத கல்யாணம் இவளுக்கும் கல்யாணம் இல்லை. இதைச் சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கு அழுகிறவர்களைப் பார்த்தால் கோபம் வரும். "அழாம மேட்டர சொல்லு, அடிக்கறேன்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து அடித்தேன். அப்போது தமிழில் அடிக்க ஆளுக்கொரு எழுத்துரு. என்னிடம் இருந்தது மஸ்கட்டில் இருக்காது. இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் கோழி கிளறிய மாதிரிதான் தெரியும். ஆனால் யூனிகோடு என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது, அதில் போட்டால் உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரியும் என்று ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் படித்திருந்தேன். அதோடு இலவசமாகக் கொடுத்த சிடியில் இருந்த யூனிகோடு எழுத்துருவைக் கடையில் எல்லா மெஷினிலும் போட்டும் வைத்திருந்தேன். ஆகவே பழைய எழுத்துருவில் அழகாக அடித்து, பிழை பார்த்து, மொத்தத்தையும் யூனிகோடாக மாற்றி, நெட்டில் இலவசமாகத் தருகிற இடம் ஒன்றில் ஏற்றினேன். மேலே பிள்ளையார். இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு, சுடர் ஆடும். 'தாய்மாமன் திரு. மாரிமுத்து, மஸ்கட்' என்ற வரி மட்டும் குங்குமச் சிவப்பில், பெரிய எழுத்தில். அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் கவுண்டர்.

ஏற்றி முடித்ததும் கரண்ட் போனது. எங்கள் ஊரில் அது போனால் எப்போது வரும் என்று மின்சார வாரியத்துக்கே தெரியாது. மறுநாள் காஞ்சிபுரத்தில் சித்தி பெண்ணுக்குச் சீமந்தம், கடைக்கு லீவு. பக்கத்தின் முகவரியையும் கடைப் போன் நம்பரையும் முத்துச்செல்வி முன்பே மாமாவுக்குப் போனில் சொல்லியிருந்தாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்ப்பதாக அவரும் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை.

வியாழக்கிழமை காலை இருவரும் சேர்ந்து முதல் தடவையாகப் பக்கத்தைத் திறந்தோம்.

பிள்ளையார் வந்தார். விளக்கு எரிந்தது. எழுத்து வந்தது. அதைத் தமிழ் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொம்பெல்லாம் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. தலையில் இருக்கவேண்டிய புள்ளி இறங்கிப் பக்கத்தில் வந்து, ஒரு வெற்று வட்டத்தின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தது. சங்கிலிக் கொம்பு ஒரு பக்கம், அதன் எழுத்து ஒரு பக்கம். முத்துச்செல்வி, நம்பிராஜன் என்று சேர்ந்து நிற்கவேண்டிய இரண்டு பெயர்களும் பஸ்ஸில் இடம் பிடிக்க அடித்துக்கொண்டவர்கள் மாதிரி கலைந்து கிடந்தன.

"யக்கா, என்னக்கா இது?"

"தெர்லயே! நான் நல்லாத்தானே அடிச்சேன்!"

பக்கத்து மெஷினில் திறந்தோம். அதே கதி. அதற்கடுத்ததிலும் அதேதான். கடையில் இருந்த எல்லாவற்றிலும் திறந்து பார்த்தாள். நம்பிராஜனுக்குப் போன் போட்டு, மறைமலை நகரில் ஒரு கடைக்கு ஓடிப் போய்ப் பார்க்கச் சொன்னாள். அவர் திரும்பக் கூப்பிட்டு, "எழுத்தே இல்லட்டி, எல்லாம் கட்டங் கட்டமா இருக்கு. இதையா மாமாவுக்கு அனுப்புனீக?" என்றார். அதோடு அவள் முகம் செத்துவிட்டது.

"எல்லாமே ரிஜெக்ட்டுக்கா. ஒண்ணுகூட ஓகே இல்ல. மஸ்கட்லயும் இப்படித்தான் தெரியும். ஏற்கெனவே கேக்காம நிச்சயம் பண்ணிட்டாகன்னு மனசு முறிஞ்சு கெடக்காக. இப்ப பேரையும் உடைச்சு அனுப்புனா என்ன நெனப்பாக? எங்க அப்பா பேரப் பாருங்க, எப்படிச் செதறிக் கெடக்குன்னு."

எனக்கு ஆத்திரம் அந்தப் பத்திரிகைக்காரன் மேல். உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலும் என்று எழுதினானே, ஒரகடம் உலகத்தில் இல்லையா? திட்டிக்கொண்டே கவுண்டரைப் பார்த்தேன். நாங்கள்தான் முதல் ஆள், ஆனால் அது அதற்கு முன்பே யாரோ சிலர் பார்த்ததாகக் காட்டியது. அது வேறு தப்பா என்று அதையும் சேர்த்துத் திட்டினேன்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. எழுத்தாகப் போட்டால்தானே உடைகிறது? பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே படமாக மாற்றிப் போட்டுவிட்டால் எங்கே திறந்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். மறுநாள் காலையில் உட்கார்ந்து செய்யலாம், மாமா சாயங்காலம்தானே பார்க்கப் போகிறார். நியாயமாகப் பார்த்தால் படம் தயாராகிற வரைக்கும் பழையது அங்கேயே கிடந்திருக்கலாம். ஆனால் இவள் விடவில்லை.

"இப்பமே எடுத்துருங்கக்கா."

"நாளிக்கு மாத்திக்கலாமே. அதுவரிக்கும் யாரு பாக்கப் போறா?"

"இல்லக்கா. ரிஜெக்ட்டுன்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே ரெட் பின்ல போட்றணும். லைன்லயே விட்டா எப்படியாவது நல்லதோட கலந்து போயிரும். எங்க சூப்பர்வைசர் தெனமும் இதத்தான் சொல்லுவாக."

அவள் கம்பெனியில் கெட்ட சரக்கைப் போடுகிற சிவப்பு டப்பாவை என் கடைக்கே கொண்டுவந்துவிட்டாள். அவள் கண் எதிரிலேயே பக்கத்தை எடுத்தேன். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்க, ஓடினாள்.

வெள்ளிக்கிழமை காலை குளித்து, தலையில் மல்லிகையோடு வந்தாள். படத்துக்குச் சுற்றிலும் எந்தப் பூ பார்டர் என்று அவளும் நானும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கடைப் போன் அடித்தது. எடுத்தேன்.

"செல்வி இருக்காளா? மஸ்கட்லேர்ந்து மாரிமுத்து."

ரிசீவரை நீட்டினேன். அவர் குரல் எனக்கும் கேட்கிற அளவுக்குப் பெரிய குரல்.

"ஏ செல்வி, பத்திரிகைய எங்கட்டி?"

"மாமா... சாயங்காலம் பாக்குதேன்னு சொன்னீகளே..."

"சாயங்காலம் பாக்குதேன்னுதான் சொன்னேன். மனசு கேக்கல. புதன்கெழமையே வந்து பாத்துட்டேன். பாத்துட்டுப் போயி ரூம்ல எல்லாருகிட்டயும் சொன்னேன். இன்னைக்கு நாள் நல்லாருக்கு, மொறையா வாங்கணும்னு கடைக்காரர வெள்ளனத் தொறக்கச் சொல்லி, வெத்தல பாக்கு தட்டு எடுத்துக்கிட்டு, ரூம்காரங்க அத்தன பேரையும் கூட்டிக்கிட்டு வந்து நிக்கேன். இங்க வெறும் வெள்ளைத் திரைதான் இருக்கு. என்னட்டி, குடுத்த பத்திரிகையத் திரும்ப எடுத்துக்கிட்டியளா? மாப்பிள்ள வீட்டுல என் பேரு போட வேண்டாம்னுட்டாகளா?"

கடைசி வாக்கியத்தில் அந்தப் பெரிய குரல் சின்னதாகிவிட்டது. முத்துச்செல்வி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, இல்ல மாமா! எழுத்தெல்லாம் உடைஞ்சு உடைஞ்சு தெரிஞ்சுது. ஒங்க பேரு அப்படித் தெரியக் கூடாதுன்னுதான் எடுத்தோம்."

"எதுட்டி உடைஞ்சுது? நல்லா கல்லுல வெட்டுன மாதிரில்லா இருந்துச்சு."

அவள் ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நல்லாருந்துச்சாம்க்கா. நம்ம மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்லுதாகளோ?"

"அப்பிடி மனசு பாக்கற ஆளா உங்க மாமா?"

"இல்லக்கா."

"அப்போ நெசந்தான்."

அதற்குள் மாமா அந்தப் பக்கம் கத்த ஆரம்பித்தார். அதே பக்கத்தைப் போடு, வேறு எதையும் போடாதே, ராகுகாலம் வருவதற்குள் போடு என்றார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். எங்கள் கடிகாரத்தில் அதற்கு அதிக நேரம் இல்லை.

"மாமா, ஒங்க ஊருல இன்னும் நேரம் இருக்குமே?"

"ராகுகாலம் குடுக்கிற ஊருக்கா, வாங்குற ஊருக்கா? குடுக்கிறது ஒங்கம்மா. அவ இருக்க ஊரு நேரந்தான் கணக்கு. சீக்கிரம் போடு!"

இங்கேதான் என் கடையின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரே ஒரு போன் லைன்தான். பேசுவதும் அதில்தான், நெட்டும் அதில்தான். மாமா லைனில் இருக்கிற வரைக்கும் நெட் வராது. நெட் வராமல் பத்திரிகை போகாது. ஜாடை காட்டினேன். அவளுக்கு வியர்த்துவிட்டது.

"மாமா... போன வைங்க மாமா."

"என்னது?"

"போன வச்சாத்தான் பத்திரிகை வரும் மாமா."

"தாய்மாமன போன வைக்கச் சொல்லுதியா நீ? நிச்சயத்துக்கும் சொல்லல, இப்ப பேசவும் கூடாதுங்கிய!"

இதற்கு மேல் அவளால் முடியாது என்று தெரிந்தது. நான் ரிசீவரைப் பிடுங்கினேன். "அண்ணே, நான் கடைக்காரி பேசறேன். ஒரே லைனு. நீங்க வெச்சாத்தான் நான் போட முடியும். தட்ட எடுத்துகினு ரெடியா நில்லுங்க" என்று சொல்லி டொக்கென்று வைத்துவிட்டேன். முத்துச்செல்வி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தியது. ஒரு தடவை பிஸி. இன்னொரு தடவை லைன் கிடைத்து அறுந்தது. நான் அந்த மோடத்தைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. அடுத்த தடவை ஒட்டிக்கொண்டது. சிவப்பு டப்பாவில் போட்ட பக்கத்தை எடுத்து, ஒரு எழுத்துகூட மாற்றாமல் அப்படியே திரும்ப ஏற்றினேன். சரிபார்க்கத் திறந்தேன். அதே கொம்பு பின்னால், அதே புள்ளி தனியாக. எங்கள் கண்ணுக்கு நூற்றுக்கு நூறு கெட்டுப்போன ஒன்றை நல்லது என்று நம்பி அனுப்பிவிட்டு, லைனைக் கட் பண்ணிக் காத்திருந்தோம்.

போன் அடித்தது. இருவர் காதுக்கும் நடுவே ரிசீவரைப் பிடித்துக்கொண்டோம்.

"வந்துட்டுட்டி! வந்துட்டு!" அந்தப் பக்கம் ஏழெட்டு ஆண் குரல்கள். "வாசிக்கேன், கேளு."

வாசித்தார். படித்துப் பழக்கமில்லாதவர் படிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக, சத்தமாக. 'அன்புடையீர்' என்று தொடங்கினார். எங்கள் திரையில் அது எங்கெங்கோ கிடந்தது, அவர் வாயில் முழுசாக வந்தது. 'காலஞ்சென்ற சுடலைமுத்து' என்று வந்தபோது கொஞ்சம் நின்று, "நம்ம மச்சான்" என்று யாரிடமோ சொன்னார். முத்துச்செல்வி திரையில் சிதறிக் கிடந்த அப்பாவின் பெயரை விரலால் தொட்டுக்கொண்டே கேட்டாள். முத்துச்செல்வி என்றார், நம்பிராஜன் என்றார். பிறகு சிவப்பு வரிக்கு வந்தார்.

"தாய்மாமன் திரு. மாரிமுத்து, மஸ்கட்." லைன் போய்விட்டதா என்று நான் ரிசீவரைத் தட்டினேன்.

"இருக்கேன், இருக்கேன்" என்றார். "செல்வி, இங்க வந்து இத்தன வருசமாச்சு. பாஸ்போர்ட்ல என் பேரு இங்கிலீஷ்ல இருக்கு. லேபர் கார்டுல அரபில இருக்கு. ரெண்டும் எனக்கு வாசிக்கத் தெரியாது. யாரு பேருன்னு சொன்னாலும் தலையாட்டிட்டு வாங்கிக்கிட வேண்டியதுதான். என் பேர நானே வாசிச்சது இந்த ஊருல இதான் மொதத் தடவ. அதான் புதன்கெழம பாத்துட்டு, வேற ஒரு பொட்டில, அப்புறம் இன்னொரு பொட்டிலன்னு கடைக்காரரத் தொறக்கச் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அதைப் போயி எடுத்துட்டியேட்டி."

முத்துச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தாலும் திட்ட முடியாது, நானும்தான் அழுதுகொண்டிருந்தேன்.

ஆனாலும் தொழில்காரி இல்லையா, விடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அண்ணே, அந்தக் கடைக்காரராண்ட குடுங்க" என்றேன். மலையாளி ஒருவர் வந்தார். அங்கே மட்டும் எப்படி ஒழுங்காகத் தெரிகிறது என்று நான் கேட்டதும் சிரித்தார்.

"இவிடெ ஆர் வந்தாலும் அரபி வேணுமல்லோ சேச்சி. அதுக்கு வேண்டி எல்லா மெஷினிலும் செட்டிங்ஸில் ஒரு டிக் இட்டிருக்கு. எழுத்தோடு எழுத்து சேர்ந்து வர்ற பாஷை எல்லாத்துக்கும் ஆ ஒரு டிக்தான். அரபி வந்தா தமிழும் கூட வரும், மலையாளமும் வரும். நாட்டில் ஆரும் அது இடில்லா."

அரபிக்காரர்களுக்காகப் போட்ட டிக்கில் எங்கள் கொம்பும் புள்ளியும் ஒழுங்காகப் போய் உட்கார்ந்துகொண்டன. தமிழ்நாட்டில் தமிழுக்காக அந்த டிக்கைப் போட ஒருத்தரும் இல்லை. முத்துச்செல்விக்கு இதைச் சொன்னதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நம்ம மெஷின், மறைமலை நகர் மெஷின், எல்லாம் ஒரே லாட்டுக்கா, ஒண்ணுல கொறைன்னா எல்லாத்துலயும் கொறை. ஒரே லாட்டுல எத்தன சாம்பிள் எடுத்து என்ன? இது தெரியாமலா நான் இன்ஸ்பெக்ஷன்ல உக்காந்திருக்கேன்?"

ரிசீவரில் மறுபடி மாமா. தட்டு ரெடி, ஆனால் ஒரு சிக்கல் என்றார். பத்திரிகையை வாங்க அவர் இருக்கிறார், கொடுக்க யார்? தங்கை இருப்பது சங்கரன்கோவில் பக்கத்தில். ரூம்காரர்கள் எல்லோரும் மாமன் முறை கொண்டாடி அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் பெண் வீட்டு ஆளாக அந்த மலையாளிக் கடைக்காரரே நின்றார். திரைக்கு முன்னால் வைத்த தட்டை அவர் எடுத்துக் கொடுக்க, மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாங்கினாராம். வாங்கும்போது யாரோ குலவை போட முயற்சி செய்தார்கள். ஆம்பிளைக் குலவை கேட்கச் சகிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கடிகாரத்தில் பத்தரைக்குக் கொஞ்சம் பாக்கி இருந்தது.

"அச்சுக்குக் குடுத்துரு" என்றார் மாமா. "ஒங்கம்மாட்ட சொல்லு, அண்ணன் வாங்கியாச்சுன்னு. அந்தப் பேஜ எடுத்துராத, என்னட்டி?"

"எடுக்க மாட்டேன் மாமா."

மத்தியானம் பஸ் ஹாரன் அடித்தது. வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "யக்கா, யாரு வந்து இது உடைஞ்சு கெடக்குன்னு சொன்னாலும் எடுத்துராதீங்க."

"எங்களுக்கு உடைஞ்சிகினு கீது, அவருக்கு நல்லா கீதுல்ல? ஓடு, பஸ்ஸ வுட்டுடப் போற."

கல்யாணம் நன்றாக நடந்தது. சங்கரன்கோவிலுக்கு நானும் போய் வந்தேன், மாமா அனுப்பிய பட்டில் முத்துச்செல்வி ஜொலித்தாள். பின்பு நானும், அந்த டிக்குக்கு வேண்டிய விண்டோஸ் சிடி ஒன்று தேடிப் பிடித்து, டிக்கைப் போட்டு, மாமா பார்த்த பக்கத்தை அவர் பார்த்த மாதிரியே பார்த்தேன். உண்மையாகவே கல்லில் வெட்டிய மாதிரிதான் இருந்தது.

சில மாதம் கழித்து அந்த இலவச இடம் நிரம்பிவிட்டது. வேறு ஒருவருக்குப் பக்கம் போட வேண்டியிருந்தது. கல்யாணம் முடிந்து, முத்துச்செல்விக்கு மசக்கையே வந்துவிட்டது, இனி பத்திரிகை எதற்கு என்று எடுக்கப் போனேன். எடுப்பதற்கு முன் அடியில் கவுண்டரைப் பார்த்தேன். ஏறியிருந்தது. எங்கள் ஊரில் அதை யாரும் திறப்பதில்லை. நான் திறந்து பார்த்ததைக் கழித்துக்கொண்டு இரண்டு வாரம் கவனித்தேன். சனி முதல் வியாழன் வரை அசையவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்று ஏறியது. அடுத்த வெள்ளிக்கிழமையும் ஒன்று.

புதிதாக வந்தவருக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்தேன்.